ஆர்.ஓ. பெட்டிக்கும் ஒரு லெட்ஜர் வேண்டும்

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆர்.ஓ. பெட்டி இல்லாத வீடு குறைந்துகொண்டே வருகிறது. ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிற பையன், முதல் தீபாவளி போனஸில் அம்மாவுக்கு ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிவிடுகிறான். வாங்கியதோடு சரி. பச்சை விளக்கு எரிகிறதா, குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, அவ்வளவுதான் சோதனை. மாட்டுக்குக் கோமாரி ஊசி எப்போது போட்டோம் என்று தேதி சொல்கிற வீட்டில்கூட, மெம்பரேன் எப்போது மாற்றியது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். இப்போது சூளகிரிப் பக்கம் நாலு ஏக்கரில் ராகி, துவரை, கொஞ்சம் மா என்று ஓடுகிறது. வங்கி விட்டாலும் ஒரு பழக்கம் விடவில்லை: யார் என்ன சொன்னாலும் லெட்ஜரைப் பார்க்காமல் நம்புவதில்லை. ஆர்.ஓ. பெட்டிக்கும் ஒரு லெட்ஜர் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை. நம் மாவட்டத்தில் அது பணத்தை மிச்சம் பிடிக்கிற விஷயம் மட்டும் இல்லை. பிள்ளைகளின் பல்லும் எலும்பும் அதில் இருக்கின்றன.

நம் தண்ணீரில் என்ன இருக்கிறது?

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் 2004 வரை ஒரே மாவட்டம். இரண்டுக்கும் அடியில் இருப்பது கருங்கல்லும் அதைச் சேர்ந்த பழைய பாறைகளும். அந்தப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. போர் ஆழமாகப் போகப்போக, தண்ணீர் பாறையோடு தங்குகிற காலம் கூடுகிறது. ஃபுளோரைடும் அதிகமாகக் கரைய வாய்ப்பாகிறது. அந்தக் காலத்துத் திறந்த கிணற்றில் இருந்தது வேறு, இன்றைக்கு ஆயிரம் அடியில் வருவது வேறு.

இந்திய தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற உச்ச அளவும் 1.5தான். அதற்கு மேல் போனால், பல் உருவாகிற வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இன்னும் அதிக அளவில், பல வருஷம் குடித்தால், முதுகும் மூட்டும் இறுகிப்போகும். அதைத் திருப்பிச் சரிசெய்ய மருந்து கிடையாது.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் பாதிப்புத் தணிப்பு' என்று இருக்கிறது. 2008-ல் வேலை தொடங்கும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் எழுந்த எதிர்ப்பு நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் கட்டி, 2013 மே மாதம் திறந்தார்கள். காவிரித் தண்ணீர் ஒழுங்காக வருகிற ஊர்க்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். குழாய் கடைசி வரை எட்டாத தோட்டத்து வீடுகளுக்கும், வாரம் ஒரு நாள் மட்டும் தண்ணீர் வருகிற தெருக்களுக்கும் இன்னும் போர்தான் கதி. அவர்களுக்குத்தான் ஆர்.ஓ. உண்மையிலேயே தேவை.

மீட்டர் சொல்வதும் சொல்லாததும்

ஆர்.ஓ. விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு, "சார், உங்க தண்ணி 850 டி.டி.எஸ்." என்று காட்டுவார். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்புகளின் மொத்தத்தைத்தான் அது ஏறத்தாழச் சொல்கிறது. அந்த மொத்தத்தில் சுண்ணாம்பு எவ்வளவு, சோடியம் எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. வங்கிக் கணக்கில் மொத்த இருப்பு தெரிகிறது, அதில் கடன் எவ்வளவு என்று தெரியவில்லை என்கிற மாதிரி.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சுண்ணாம்புச் சத்து குறைந்து, சோடியம் கூடிய தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாகக் கரையும். அந்தத் தண்ணீரில் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு நன்றாக வேகும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவு இருக்காது. "எங்க போர் தண்ணி இளநி மாதிரி இருக்கும் சார்" என்று பெருமையாகச் சொல்கிறவர் வீட்டுத் தண்ணீரைத்தான் முதலில் சோதிக்க வேண்டியிருக்கும். நாக்குக்கும் மீட்டருக்கும் ஃபுளோரைடு பிடிபடாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் செறிவு இன்னும் கூடும்.

ஆகவே முதல் வேலை சோதனைக்கூடம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் இருக்கிறது. குறைந்த கட்டணத்தில் பார்த்துத் தருவார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, களப் பரிசோதனைப் பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சியில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் கொண்டுபோகாதீர்கள். சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில்தான் சரி, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். கோடையில் ஒரு தரம், மழை முடிந்து ஒரு தரம். நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். யூரியா கொட்டிய வயலுக்கும் சாக்கடைக்கும் பக்கத்தில் இருக்கிற போர்களில் அது 45 மில்லிகிராம் என்கிற வரம்பைத் தாண்டக்கூடும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

மூடியைக் கழற்றிப் பார்த்தால் பயப்பட ஒன்றும் இல்லை. சொட்டு நீர்ப் பாசனம் போட்டவருக்கு இது பாதி தெரிந்த சங்கதி.

முதலில் வெள்ளை நூல் சுற்றியது மாதிரி இருக்கிற ஸ்பன் ஃபில்டர். மண்ணையும் துருவையும் பிடிக்கும். நம் செம்மண் பூமியில் ஐப்பசி மழைக்குப் பிறகு சீக்கிரமே காவி நிறமாகிவிடும். அடுத்தது கார்பன். குளோரினையும் வாடையையும் பிடிக்கும். பிறகு சின்ன பம்ப் ஒன்று தண்ணீரை அழுத்தி மெம்பரேனுக்குள் தள்ளுகிறது. இதுதான் பெட்டியின் உயிர். 1960 வாக்கில் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், நம் நாட்டுக்காரரான ஸ்ரீநிவாச சௌரிராஜனும் சேர்ந்து, உப்பைத் தடுத்துத் தண்ணீரை வேகமாக விடுகிற சவ்வை முதலில் செய்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கச் செய்த ஆராய்ச்சி அது. அதன் பேரப்பிள்ளைதான் நம் அடுக்களைச் சுவரில் தொங்குகிறது.

மெம்பரேன் வழியாக ஒரு பங்கு தண்ணீர் நல்லதாக வெளியே வரும். மிச்சம், தடுக்கப்பட்ட உப்பையெல்லாம் சுமந்துகொண்டு கழிவுக் குழாயில் போகும். அந்தக் குழாயில் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் என்று விரல் அளவு அடைப்பான் இருக்கும். அதுதான் அழுத்தத்தையும் கழிவின் அளவையும் நிர்ணயிக்கிறது.

பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஒருநாள் பெருமையாகச் சொன்னார்: "மேனேஜர் சார், தண்ணி வீணாப் போவுதுன்னு கழிவுக் குழாயை மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டுட்டேன். இப்ப சொட்டு கூட வீணில்ல." மூணே மாதத்தில் மெம்பரேன் சுண்ணாம்புக் கல்லாகிவிட்டது. கழிவு போவது வீண் இல்லை, அதுதான் மெம்பரேனைக் கழுவிக்கொண்டிருக்கிறது. மாட்டுக்குச் சாணி போகாமல் தீனி மட்டும் போட முடியுமா?

அந்தச் சின்னத் திருகாணி

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பல பெட்டிகளில் 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' என்று ஒரு திருகாணி இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று நாம் சொன்னால், சர்வீஸ் பையன் அதைக் கொஞ்சம் திறந்துவிடுவான். தண்ணீர் ருசியாகிவிடும். எப்படி? மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரைக் கொஞ்சம் நல்ல தண்ணீரில் கலந்துவிடுகிறது. மண்ணும் குளோரினும் வடிகட்டியிருக்கும்; ஃபுளோரைடு அப்படியே இருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். போர் தண்ணீரில் டி.டி.எஸ். 600, ஃபுளோரைடு 3 என்று வையுங்கள். நல்ல மெம்பரேன் ஃபுளோரைடில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்தால், வெளியே வருவது டி.டி.எஸ். 45, ஃபுளோரைடு 0.3. அருமையான தண்ணீர். இப்போது ருசிக்காக டி.டி.எஸ். 250 வருகிற மாதிரி திருகாணியைத் திறந்தால், கலவையில் 37 சதவீதம் மெம்பரேன் தாண்டாத தண்ணீர். ஃபுளோரைடு 1.3 ஆகிவிடும். 1 என்கிற வரம்பு தாண்டிவிட்டது. மீட்டர் 250 என்று காட்டும், எல்லாரும் 'நல்ல தண்ணி' என்பார்கள். வெயிலில் வேலை செய்கிற நாம் மூணு, நாலு லிட்டர் குடிக்கிறவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஃபுளோரைடு உள்ள ஊரில் இந்தத் திருகாணி முழுசாக மூடியிருக்க வேண்டும். சர்வீஸ் முடிந்து போகும்போது, "தம்பி, கன்ட்ரோலர் மூடியிருக்கா?" என்று கேட்டு, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சத்து குறைகிறதே என்று கவலை வேண்டாம். கால்சியத்துக்கு ராகிக் களியும் மோரும் முருங்கைக் கீரையும் நம் வீட்டிலேயே இருக்கின்றன. தண்ணீரை நம்பிக் கால்சியம் சாப்பிட்ட தலைமுறை இல்லை நாம்.

மாதம் ஒரு நாள், பத்து நிமிஷம்

ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டி.டி.எஸ். மீட்டர், ஒரு லிட்டர் அளவுக் குவளை. இவ்வளவுதான் முதலீடு. நான் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி செய்வது இது:

1. பெட்டியைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு அளப்பேன். இரவு முழுக்க நின்ற மெம்பரேனில் முதலில் வருவது கொஞ்சம் உப்பாகத்தான் இருக்கும். அதை அளந்து பயந்துவிடக் கூடாது.

2. உள்ளே போகிற தண்ணீர், டேங்கில் விழுகிற தண்ணீர், இரண்டின் டி.டி.எஸ்.ஸையும் எழுதுவேன். உள்ளே 850, வெளியே 60 என்றால் தடுத்தது 790. அதை 850-ஆல் வகுத்தால் 93 சதவீதம். இந்தச் சதவீதம்தான் லெட்ஜரின் கடைசிக் கலம்.

3. குவளையில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் நிரம்புவதற்குள், கழிவு எவ்வளவு வருகிறது என்று அளப்பேன். என் வீட்டில் ஒன்றுக்கு இரண்டரை. கழிவு திடீரென்று குறைந்தால் அடைப்பானில் அடைப்பு. உடனே மாற்றாவிட்டால் மெம்பரேன் போய்விடும். நல்ல தண்ணீர் குறைந்தால் முதலில் ஸ்பன், பிறகு பம்ப், கடைசியாக மெம்பரேன் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும்.

4. டேங்க் நிறைந்து பெட்டி நின்ற பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஒழுகினால், சோலனாய்டு வால்வு மூடவில்லை என்று அர்த்தம். ராத்திரி பூரா மேல்தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்.

வெளியே வருகிற எண்ணை மட்டும் பார்க்காமல் ஏன் சதவீதம்? மழைக்குப் பிறகு உள்ளே 600, வெளியே 60. சித்திரையில் உள்ளே 1,100, வெளியே 110. "சார், 110 வந்துடுச்சு, மெம்பரேன் மாத்தணும்" என்பார் வருகிறவர். இரண்டுமே 90 சதவீதம்தான். மெம்பரேன் அப்படியேதான் இருக்கிறது, கோடையில் போர் தண்ணீர் மாறியிருக்கிறது. நோட்டைக் காட்டினால் பேச்சு முடிந்துவிடும். நேர்மாறாகவும் நடக்கும். 'மூணு வருஷம் உழைக்கும்' என்று விற்ற மெம்பரேன் ஒன்றரை வருஷத்தில் 93-லிருந்து 80-க்கு இறங்கலாம். அப்போது தவணை பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். 80-க்குக் கீழே போன மெம்பரேன், நம் ஊரில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஸ்பன்னை நாமே மாற்றலாம். வெளியே கண்ணாடி மாதிரிக் கிண்ணத்தோடு ஒரு ஸ்பன் போட்டுவிட்டால் நிறம் கண்ணுக்கே தெரியும்; உள்ளே இருக்கிற ஸ்பன்னுக்கும் பாரம் குறையும். கார்பனை ஏமாற்றக் கூடாது. குளோரின் பட்டால் மெம்பரேன் அரிந்துவிடும். ஊராட்சித் தொட்டியிலோ நம் மேல்தொட்டியிலோ பிளீச்சிங் பவுடர் போடுகிற நாளில் ஆர்.ஓ.வுக்குப் போகிற குழாயை மூடிவிடுங்கள். பவுடர் வாடை அடங்கிய பிறகு திறந்தால் போதும்.

டேங்கை மூணு மாதத்துக்கு ஒரு தரம் கழுவ வேண்டும். சுத்தமான தண்ணீர் என்பதாலேயே அதில் குளோரின் காவல் கிடையாது. பாசி பிடித்தால் கேட்பார் இல்லை. வெயில் படுகிற சுவரில் பெட்டியை மாட்டாதீர்கள். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தால், முதல் டேங்க் தண்ணீரைப் பாத்திரம் கழுவ விட்டுவிடுங்கள். புது மெம்பரேன் போட்டாலும் அப்படித்தான்.

கழற்றிய பழைய ஸ்பன் பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று எருக்குழியில் போட்டுவிடாதீர்கள். அது சுத்தமான பிளாஸ்டிக் நூல். மக்காது, மண்ணில் இழை இழையாகப் பிரியும். எரிக்கவும் வேண்டாம். பிளாஸ்டிக் கழிவு எடுக்கிறவரிடம் கொடுங்கள்.

கழிவுத் தண்ணீரில் 26 கிலோ உப்பு

குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 25 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால், என் வீட்டுக் கணக்கில் 62 லிட்டர் கழிவு. அதன் டி.டி.எஸ். சுமார் 1,170. அதாவது ஒரு நாளைக்கு 73 கிராம் உப்பு. ஒரு வருஷத்துக்கு 26 கிலோ! இதைக் கொல்லையில் ஒரே தென்னைக்கு விட்டுக்கொண்டிருந்தால், வருஷத்துக்கு அரை மூட்டை உப்பை அதன் தூரில் கொட்டுகிற மாதிரி. அதுவும் நம் தண்ணீரில் சோடியம் அதிகம் என்றால் மண் இறுகும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது.

அதனால் தரை துடைக்க, கழிவறைக்கு, வண்டி கழுவ என்று முதலில் வீட்டிலேயே செலவழித்துவிடுகிறோம். மிச்சத்தைத் தென்னைகளுக்கு முறை வைத்து, ஒரே இடத்தில் தேங்காமல் விடுகிறோம். நாற்றங்காலுக்கும் பீன்ஸுக்கும் கிட்டக் கொண்டுபோவதில்லை; பீன்ஸ் உப்புத் தாங்காது. மாட்டுத் தொட்டியிலும் ஊற்றுவதில்லை. மெம்பரேன் தடுத்த ஃபுளோரைடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மாட்டுக்கும் பல் உண்டு, எலும்பு உண்டு. திருப்பி மேல்தொட்டியில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நாளுக்கு நாள் உள்ளே போகிற தண்ணீரே கெட்டுக்கொண்டு வரும்.

பெட்டிக்கு வேலையைக் குறைப்போம்

டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கூடாது, போடுகிற இடத்திலும் குறைந்தது 60 சதவீதத் தண்ணீராவது திரும்பக் கிடைக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் உத்தரவிட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 500-க்குக் கீழே இருந்தாலும் ஃபுளோரைடு அதிகம் உள்ள போர் நம் பக்கம் இருக்கலாம், அதை ஆய்வக அறிக்கை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீட்டில், அதையும் போர் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விட்டுக் கலக்கி, பிறகு ஆர்.ஓ. போட்டுப் பிரிப்பது அநியாயம். காவிரிக்குத் தனியாக ஒரு மூடிய தொட்டி வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் அது போதும்.

'சமைக்கவும்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல வீடுகளில் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க மட்டும். உலை வைப்பது போர் தண்ணீரில். களி கிண்டும்போதும் சோறு வடிக்காமல் பொங்கும்போதும் அந்தத் தண்ணீர் முழுக்க உணவுக்குள்தான் போகிறது. பிள்ளைக்குப் பாட்டிலில் நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டு, தட்டில் ஃபுளோரைடைப் போடுகிறோம்.

மழையையும் மறந்துவிடக் கூடாது. மழைத் தண்ணீரில் ஃபுளோரைடு அநேகமாக இல்லை. ஆயிரம் சதுர அடி மாடி, வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு சேதாரம் என்று வைத்தாலும் 59,000 லிட்டர் கிடைக்கும். ஒரு நாளைக்கு 25 லிட்டர் வீதம் வருஷத்துக்கு நமக்குத் தேவை 9,125 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, மிச்சத்தை வெளிச்சம் புகாத பத்தாயிரம் லிட்டர் தொட்டியில் பிடித்து, கொதிக்க வைத்துக் குடித்தால் ஆர்.ஓ.வுக்கே பல மாதம் லீவு கொடுக்கலாம். லீவு விடும்போது மட்டும் மெம்பரேன் காயாமல், இரண்டு நாளைக்கு ஒரு தரம் பத்து நிமிஷம் ஓட்டிவிடுங்கள்.

அதுவரை பெட்டி ஓடித்தான் ஆக வேண்டும். வருகிற ஒன்றாம் தேதி நோட்டில் முதல் வரியை எழுதுங்கள்: உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு, சதவீதம் எவ்வளவு, திருகாணி மூடியிருக்கிறதா. பிள்ளைகள் கையில் மீட்டரைக் கொடுத்து எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. அவர்கள் பல்லுக்கான கணக்குத்தானே.